கூரைமேல் பீங்கான் மூடி

ஜங்ஷன் ரோட்டிலிருந்த பழைய லாட்ஜை இடித்துக் கல்யாண மண்டபம் கட்டப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும், கட்டிலுக்கும் பீரோவுக்கும் விலை பேச ஊரில் பாதிப்பேர் அங்கே கூடிவிட்டார்கள். ராஜமாணிக்கம் மட்டும் யாரோடும் பேசாமல் நேரே மொட்டைமாடிக்கு ஏறினார். அங்கே ஆள் படுத்துப் புரளும் அளவுக்கு ஒரு டிஷ், சல்லடைக் கம்பியெல்லாம் துருவேறி, வானத்தைப் பார்த்துக் கிடந்தது.

"இதுக்கு ஒரு பொட்டி இருக்கணுமே" என்றார், மூச்சிரைக்கப் பின்னால் ஏறிவந்த மேனேஜர் கோவிந்தசாமியிடம்.

"ரிசீவருங்களா? கீழ ஆபீஸ் ரூம்புல கெடக்குது. ஆனா அது பழைய அனலாக்குங்க. இப்ப எல்லாம் டிஜிட்டலு வருதுன்றாங்க. இதுல படத்துக்கு ஒரு குமிழு, பேச்சுக்கு ஒரு குமிழு. ரெண்டையும் தனித்தனியா திருகித் திருகிப் புடிக்கணும்."

"திருகினா வருமா வராதா?"

"வரும்."

"அது போதும்."

உலகமெல்லாம் ரெண்டாயிரம் பிறந்ததைக் கொண்டாடி முடித்து, ஐப்பசி மழை பிடித்திருந்த நேரம் அது. டயர் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தபோது டிஷ் தெருவின் இரண்டு பக்கமும் இடித்தது. ராஜமாணிக்கம் வண்டிக்கு முன்னால், உற்சவத்தில் சாமிக்கு முன்னால் போகிற தர்மகர்த்தாவைப்போல, துண்டைத் தோளில் மடித்துப்போட்டு நடந்துவந்தார். எதிர்வீட்டு வாசலில் அவருடைய அக்கா ராஜம்மாள் வெந்த மல்லாட்டையை உரித்துக்கொண்டிருந்தாள். வண்டியைப் பார்த்தாள், தம்பியைப் பார்த்தாள், கடலை ஓட்டைத் தெருவில் வீசினாள்.

"கொடம் வாங்க வக்கில்லாதவன் கெணறு வெட்டினானாம்" என்றாள் மல்லாட்டையிடம்.

அவள் சொன்னதில் பொருள் இருந்தது. அந்தத் தெருவுக்கே கேபிள் இணைப்பு கொடுப்பவன் அவள் மகன் ராஜ்மோகன். எல்லா வீட்டுக் கூரையிலும் அவனுடைய கறுப்பு வயர் ஓடியது, ராஜமாணிக்கம் வீட்டைத் தவிர. அந்த வீட்டுக்கு வந்த வயரை மூன்று வருடத்துக்கு முன்னால் ராஜம்மாளே அரிவாள்மணையை எடுத்துப்போய் அறுத்துவிட்டாள். தன் மகள் பூங்கோதையை ராஜ்மோகனுக்குத் தருவதாக, மகள் தொட்டிலில் கிடக்கும்போதே அக்காவுக்கு வாக்குக் கொடுத்திருந்தார் ராஜமாணிக்கம். பூங்கோதையோ படித்து முடித்ததும், "நான் மெட்ராஸுல வேலைக்குப் போறேம்ப்பா, எனக்குக் கல்யாணம் வாணாம்" என்று சொல்லிவிட்டாள். அவர் இரண்டு சொல் பேசுகிறவர் இல்லை. "போ. ஆனா இந்த வாசப்படியை மறந்துடு" என்றார். அவள் போனாள். அதன்பிறகு அவள் பேரை அந்த வீட்டில் யாரும் சொன்னதில்லை. போன் போடவும் அவர் மனைவி அமிர்தத்துக்கு அனுமதியில்லை.

அந்தப் பூங்கோதைதான் இப்போது வெள்ளிக்கிழமைதோறும் சாயங்காலம் ஒரு தனியார் சேனலில் செய்தி வாசிக்கிறாள். அந்தச் சேனல் சாதாரண ஆண்டெனாவில் வராது. கேபிள் வேண்டும், அல்லது சொந்த டிஷ் வேண்டும். பழமலைநாதர் கோயிலில் தீபாராதனைத் தட்டை நீட்டிக்கொண்டே குருக்கள் சொன்னார், "நேத்து ஒங்க பொண்ணு பச்சைப் புடவையில ரொம்ப லட்சணமா இருந்தா." ராஜமாணிக்கம் திருநீற்றை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

அமிர்தம் வெள்ளிக்கிழமை விளக்கேற்றிய கையோடு ராஜம்மாள் வீட்டு வாசலில் போய் நிற்பாள். ராஜம்மாள் உள்ளே வா என்று சொல்லமாட்டாள், போ என்றும் சொல்லமாட்டாள். அமிர்தம் கதவுக்கு வெளியே நின்று கழுத்தை நீட்டி மகளைப் பார்த்துவிட்டு வருவாள். இது ராஜமாணிக்கத்துக்குத் தெரியும். தெரியாததுபோல இருந்தார். போன வாரம் ராஜம்மாள் நாலுபேர் கேட்க, "பெத்தவங்களுக்கே எங்கூட்டு வாசல்லதான் பொண்ணு தெரியுது" என்று சொல்ல, அமிர்தம் செய்தி முடியுமுன்னே திரும்பிவந்து அடுப்படியில் உட்கார்ந்துவிட்டாள். இனி அந்த வாசலை மிதிப்பதில்லை என்றாள். பருப்பு தீய்ந்த வாசம் வந்தபிறகும் எழுந்திருக்கவில்லை.

அன்றைக்கு முடிவு செய்ததுதான் இந்த டிஷ்.

"இத பாரு" என்றார் வண்டியிலிருந்து பெட்டியை இறக்கிவைத்து. "இது ஒனக்கு. என் பொண்டாட்டி இன்னொருத்தன் வாசல்ல நின்னான்னு ஒருத்தன் சொல்லக் கூடாது. நான் பாக்க மாட்டேன். என்னையப் பாக்கக் கூப்புடாத."

"நான் எங்கங்க கூப்பிட்டன்" என்றாள் அமிர்தம். பெட்டியின் மேலிருந்த தூசியை முந்தானையால் துடைத்தாள். துடைத்த இடத்தைத் திரும்பவும் துடைத்தாள்.

டிஷ்ஷைப் பூட்டியவன் திருமால் என்ற டி.வி. மெக்கானிக். மாடியில் இரும்புக் கம்பத்தை ஊன்றி, டிஷ்ஷை ஏறக்குறைய நடுவானத்தைப் பார்க்க நிறுத்தி, கீழே ஓடி ரிசீவரைத் திருகுவான். திரும்ப மேலே ஓடுவான். திரையில் வெள்ளை எறும்புக்கூட்டம் ஊர்ந்தது. எறும்புக்குள்ளிருந்து ஒரு கால் தெரிந்தது, பிறகு ஒரு மரம், பிறகு மரத்தைச் சுற்றி ஆடுகிற இரண்டுபேர். பேச்சில்லை. இன்னொரு குமிழைத் திருகினான். கரகரப்பு விலகிப் பாட்டு வந்தது. அமிர்தம் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். வாசலில் முதுகைக் காட்டி நின்றிருந்த ராஜமாணிக்கம், எதிர்வீட்டுக்குக் கேட்கட்டும் என்று, "சத்தத்தைக் கூட வையிடா" என்றார்.

திருமால் போகும்போது டிஷ்ஷின் நடுவே மூன்று கால்களுக்குமேல் தொங்கிய குழலைக் காட்டினான். "சிக்னலு தட்டுல பட்டு இந்த வாய்க்குள்ளதாங்க ஏறுது. இதோட மூடி லாட்ஜிலேயே காணாமப் போயிருக்கு. தொறந்தே கெடந்தா குளவி மண்ணு கொண்டாந்து கூடு கட்டிடும். ஒரு பிளாஸ்டிக் டப்பாவக் கவுத்துக் கட்டிடுங்க. நான் ஒரு வாரம் நல்லூருப் பக்கம் கல்யாணத்துக்குப் போறன்."

"பிளாஸ்டிக்கா?" என்றார் ராஜமாணிக்கம்.

"ஆமாங்க. ஊறுகா டப்பாகூடப் போதும்."

ராஜமாணிக்கம் அவனை ஏற இறங்கப் பார்த்தார். அவர் அப்பா காலத்திலிருந்து பீங்கான் செய்கிற குடும்பம். செராமிக் தொழிற்பேட்டையில் அவர்கள் ஷெட்டிலிருந்து போன ஊறுகாய் ஜாடியும் பொம்மையும் ஃப்யூஸ் கட்டையும் எத்தனையோ ஊரில் இருக்கின்றன. அவர் வீட்டுக் கூரைமேல், அக்கா வீட்டுக்கு நேர் எதிரே, ஒரு பிளாஸ்டிக் டப்பா தொங்குவதா?

மறுநாள் காலையில் ஷெட்டுக்குப் போனதும் மூடிக்கு அளவு கொடுத்தார். மழைக்காலத்தில் பச்சை மண் லேசில் காயாது. அச்சில் ஊற்றிய களிக்குழம்பு இறுகுவதற்கே பகல் முழுக்க ஆனது. அச்சைப் பிரித்து எடுத்ததைச் சூளையின் வெதுவெதுப்பான சுவரோரம் வைத்து, நாலு ஜாடிகளுக்கு நடுவே பிள்ளையைப்போலப் பாதுகாத்தார்கள். வெந்து வந்தபோது வெள்ளை வெளேரென்று இருந்தது, தட்டினால் மணிபோல ஒலித்தது. பொம்மைகளுக்குக் கண் எழுதுகிற மாரியம்மாள் அதைக் கையில் வாங்கிச் சுற்றிப் பார்த்தாள்.

"மொதலாளி, இது வூட்டுச் சாமானா, சந்தைச் சாமானா?"

அவள் அப்படிக் கேட்டதற்குக் காரணம் உண்டு. அந்த ஷெட்டில் சந்தைக்குப் போகிற பொருளுக்கு நீலக்கோடு. முதலாளி வீட்டுக்கென்று செய்கிற பொருளுக்குத் தங்கக்கோடு. கல்யாணத் தட்டானாலும் குழந்தைக்குப் பால் புகட்டும் சங்கானாலும் அதுதான் வழக்கம். பாட்டிலில் கறுப்பாகத் தேன்போல இருக்கும் தங்கத் தண்ணியை மயிர்த்தூரிகையால் தீட்டி இன்னொரு முறை சூடேற்றினால், அசல் தங்கமாக மின்னும்.

"வூட்டுச் சாமான்" என்றார்.

"அப்ப விளிம்புல ஒரு கோடு இழுத்துடறன்."

"கோடு இல்ல. முழுசும் பூசு."

மாரியம்மாள் தூரிகையைக் கீழே வைத்தாள். "முழுசுமாங்க? கோயில் கலசத்துக்குத்தான் அப்பிடிப் பூசுவாங்க."

"தெருக்கோடியில நின்னாலும் தெரியணும் மாரியம்மா."

"எதுத்தாப்புல நின்னாத் தெரிஞ்சாப் போதாதுங்களா?" என்று அவள் சிரிக்காமல் கேட்டாள். பக்கத்தில் பொம்மைக்குக் கைகால் ஒட்டிக்கொண்டிருந்த பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். ராஜமாணிக்கம் காதில் விழாததுபோல வெளியே போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை காலையில் மழை விட்டிருந்தது. அவரே மாடிக்கு ஏறி மூடியைக் குழல் வாயில் கவிழ்த்து, செம்புக் கம்பியால் இறுக்கிக் கட்டினார். வெயில் பட்டதும் அது தகதகவென்று எரிந்தது. ராஜம்மாள் வாசல் தெளித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்ததும் கண் கூசி முகத்தைத் திருப்பினாள். அவர் எதிர்பார்த்தது அதைத்தான். இறங்கிவந்து இரண்டு இட்லி அதிகமாகச் சாப்பிட்டார்.

மத்தியானத்துக்குமேல் அமிர்தம் ரிசீவரைப் போட்டாள். எறும்பு. திருமால் சொல்லிக்கொடுத்தபடி குமிழைத் திருகினாள். இந்தப் பக்கமும் எறும்பு, அந்தப் பக்கமும் எறும்பு. கால் தெரியவில்லை, மரம் தெரியவில்லை. வயரை உருவிச் செருகிப் பார்த்தாள். வெளியே கட்டிலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தவரின் பக்கம் திரும்பி, கூப்பிடக் கூடாது என்று சொன்னது நினைவுக்கு வந்து, கொஞ்சநேரம் நின்றாள்.

"ஏங்க. பாக்கக் கூப்புடல. படம் வரல."

ராஜமாணிக்கம் மாடிக்குப் போனார். காற்று கொஞ்சம் பலமாக வீசிக்கொண்டிருந்தது. டிஷ் இருந்த இடத்தில் இருந்தது. மூடி கட்டிய இடத்தில் இருந்தது. வேறு எதுவும் மாறியிருக்கவில்லை. மாறியிருக்கவில்லை என்றால் யாரோ மாற்றியிருக்க வேண்டும். சுவரோரம் வந்து எதிர்வீட்டைப் பார்த்தார். அங்கே மாடியில் ராஜ்மோகனின் பெரிய டிஷ் இரண்டு, பக்கத்தில் புதிதாக ஒரு சின்ன டிஷ். அது போன வாரம் இல்லை. அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

தெருவில் இறங்கி அக்கா வீட்டின் முன்னால் நின்றார். மூன்று வருடத்தில் அந்த வாசலுக்கு நேரே அவர் நின்றது அன்றுதான்.

"ராஜ்மோகன். வெளிய வா."

ராஜம்மாள்தான் வந்தாள். "எதுக்கு அவன்?"

"அவன் என் சிக்னல அடைக்கறான். புதுசா ஒண்ண வெச்சி என் வூட்டுக்கு வர்றத இழுத்துக்கறான். நேருக்கு நேரு நின்னு கேக்கணும்."

"அடைக்கறதுக்கு வானம் என்ன எம் மவன் அப்பன் வூட்டுச் சொத்தா?"

"வயரை அறுத்த கைதான இது? இதையும் செய்யும்."

"அறுத்தன். ஆமா. வாக்கை அறுத்தவனுக்கு வயரை அறுத்தா என்னா?"

அக்கம்பக்கத்து வீடுகளில் கதவு திறந்தது. ராஜமாணிக்கம் முதுகை இன்னும் நிமிர்த்திக்கொண்டார். அதற்குள் ராஜ்மோகன் தோளில் கைக்குழந்தையைப் போட்டுத் தட்டிக்கொண்டே வந்தான். அவனுக்குக் கல்யாணமாகி ஒன்றரை வருடம். அந்தக் கல்யாணத்துக்கு இவர் போகவில்லை, அழைப்பும் வரவில்லை.

"என்னா மாமா?"

அந்தச் சொல்லைக் கேட்டு அவர் ஒரு நொடி தடுமாறினார். "படம் வரல."

"எப்பலேருந்து?"

"இன்னிக்கித்தான். நேத்து ராத்திரிவரைக்கும் வந்துது."

ராஜ்மோகன் கண்ணைச் சுருக்கி அவர் வீட்டுக் கூரையைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். அவன் உதடு கோணியது. குழந்தையை அம்மாவிடம் கொடுத்தான்.

"எங்கடா போற?" என்றாள் ராஜம்மாள்.

"மாடிக்கு. நீ கத்தாத, புள்ள இப்பத்தான் தூங்குது."

தடுப்பதா விடுவதா என்று ராஜமாணிக்கம் முடிவு செய்வதற்குள் அவன் அவருடைய வாசல்படியைத் தாண்டி, "அத்தை, நல்லா இருக்கீங்களா" என்று அமிர்தத்தைக் கேட்டபடி படியேறிவிட்டான். இவரும் பின்னால் ஏறினார்.

"யாரு பூசினது இது?" என்றான் மூடியைத் தொட்டு.

"நம்ம ஷெட்டுல. அசல் தங்கம்."

"தெரியுது. அதான் வரல."

"என்னாடா சொல்ற?"

"தங்கம்னாலும் அது உலோகந்தான மாமா. வாய்க்கு நேரா தகடு வெச்சி அடச்ச மாதிரி ஆயிடுச்சி. எங்கேருந்து ஏறும்? பிளாஸ்டிக்குன்னா உள்ள போவும். வெறும் பீங்கான்னாக்கூட ஏதோ மங்கலா தெரிஞ்சிருக்கும்."

அவன் செம்புக் கம்பியின் முறுக்கை அவிழ்த்தான். மூடியை உருவி, சட்டை நுனியால் துடைத்து, இரண்டு கையாலும் அவரிடம் கொடுத்தான். அதே நேரம் கீழேயிருந்து அமிர்தத்தின் குரல் வந்தது. "ஏதோ தெரியுது. எறும்பு கொறையுது."

ராஜமாணிக்கம் மூடியைப் பிடித்தபடி நின்றார். தெருவில் இன்னும் ஆட்கள் நின்றிருந்தார்கள். அவர் கத்தியது எல்லாருக்கும் கேட்டிருந்தது. சுவரோரம் போய்க் கீழே பார்த்து, எல்லாருக்கும் கேட்கிறமாதிரியே சொன்னார்.

"அவன் மேல தப்பு இல்ல. நான் செஞ்ச தப்பு."

ராஜம்மாள் குழந்தையைத் தோள் மாற்றினாள்.

ராஜ்மோகன் டிஷ்ஷின் விளிம்பை ஆட்டிப் பார்த்தான். அது கம்பத்தில் லொடலொடவென்று ஆடியது. "கிளாம்ப்புல மரை தேஞ்சி போயிருக்கு. காத்துக்கு நிக்காது. வெல்டு வெக்கணும், நாளைக்கி ஆள் கூட்டாரன். நியூஸுக்கு நேரமாவுது. நீங்க இப்பிடியே அசையாமப் புடிங்க, நான் கீழ போயித் திருகறன்."

அவர் மூடியைக் கீழே வைத்துவிட்டுப் பிடித்தார். துருக்கம்பி உள்ளங்கையில் அழுந்தியது. கீழேயிருந்து குரல் வந்தது. கொஞ்சம் கெழக்கால. போதும். கொஞ்சம் மேக்க. அங்கயே, அங்கயே. அவர் வாழ்நாளில் யார் சொல்லியும் இப்படித் திரும்பியதில்லை.

தூறல் போட ஆரம்பித்தது. ராஜ்மோகன் திரும்ப மேலே வந்தான். "தெளிவா இருக்குது மாமா. ஆரம்பிக்கப் போவுது. குடுங்க, நான் புடிச்சிக்கறன்."

"வாணாம். நான் பாக்கறதில்லன்னு சொல்லியிருக்கறன்."

"யாருகிட்ட?"

"ஒங்க அத்தைகிட்ட."

"அத்தை கேட்டாங்களா, பாக்காதீங்கன்னு?"

இருவரும் ஆளுக்கொரு பக்கம் விளிம்பைப் பிடித்து நின்றார்கள்.

"ஒங்கம்மாவுக்கு நான் குடுத்த வாக்குடா அது" என்றார். "சொன்ன சொல்லு நிக்கலன்னா அப்பறம் நான் என்னா ஆளு?"

"வாக்கு குடுத்தது நீங்க. வாங்கிக்கிட்டது எங்கம்மா. நானும் பூங்கோதையும் அப்ப பேச்சே வராத புள்ளைங்க. எங்கள யாரு கேட்டது?" ராஜ்மோகன் நெற்றித் தண்ணீரைத் தோளில் துடைத்தான். "அவ போறதுக்கு மொத நாளு எங்கிட்டச் சொல்லிட்டுத்தான் போனா. நான்தான் ஜங்ஷன்ல கொண்டுபோயி ரயிலேத்திவுட்டன்."

ராஜமாணிக்கம் திரும்பி அவனைப் பார்த்தார்.

"நீயா?"

"நான்தான். பொட்டி கனம். அவ எப்பிடித் தூக்குவா?"

இதை இத்தனை நாளும் அவன் தாயிடமும் சொல்லவில்லை என்பது அவன் குரலைத் தாழ்த்தியதில் தெரிந்தது. எந்தப் பையனுக்காக அவர் மகளை விலக்கிவைத்தாரோ, அவனே பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவளுக்கு முன்னால் நடந்திருக்கிறான். மூன்று வருடமாக அந்த வாக்கை அவர் தாங்கிக்கொண்டிருந்தது யாருக்காக என்று தனக்குள்ளே தேடினார். ஒருவரும் கிடைக்கவில்லை.

கீழே மேளம் அடிப்பதுபோல ஓர் இசை வந்தது. பிறகு ஒரு குரல். தூறலிலும் காற்றிலும் சொல் புரியவில்லை. ஆனால் குரல் புரிந்தது. சின்ன வயதில் ஷெட்டுக்கு வந்து, சூளைக்கு அந்தப் பக்கம் நின்று, "யப்பா, சாப்பாடு" என்று கூப்பிடுகிற குரல் கொஞ்சம் தடித்திருந்தது.

அவர் கையை எடுத்தார்.

"கெட்டியாப் புடி" என்றார்.

"புடிச்சிருக்கன், போங்க."

படி ஈரமாயிருந்தது. மெதுவாகத்தான் இறங்க முடிந்தது. உள்ளே போனபோது அமிர்தம் தரையில் திரைக்கு வெகு அருகே உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பின்னால், சுவரில் சாய்ந்து, மடியில் பேரப்பிள்ளையோடு ராஜம்மாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. இருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. பக்கத்தில் ஒரு முறத்தில் மல்லாட்டை இருந்தது.

பூங்கோதை எங்கோ அணை நிரம்பியதைச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் முகத்தின்மேல் அவ்வப்போது வெள்ளைப் பொட்டுகள் ஓடின. சாம்பல் நிறப் புடவை. கழுத்தில் மெல்லிய ஒரு சங்கிலி மட்டும்.

"மெலிஞ்சிட்டா" என்றாள் அமிர்தம்.

"படத்துல அப்பிடித்தான் தெரியும்" என்றாள் ராஜம்மாள். "போன வாரமும் இப்பிடித்தான் இருந்தா. சோறு திங்கறாளோ என்னாவோ, கேக்க ஆளில்ல."

ராஜமாணிக்கம் கதவு நிலையைப் பிடித்து நின்றார். ஈரத்துண்டிலிருந்து தண்ணீர் சொட்டி அவர் காலடியில் தேங்கியது. பூங்கோதை ஒரு தாளைத் திருப்பினாள். நிமிர்ந்தாள். அவரைத்தான் பார்த்தாள். அவர் பார்வையைத் தாழ்த்தவில்லை. இத்துடன் செய்திகள் நிறைவடைந்தன என்றாள், கைகூப்பினாள், மறைந்தாள். ஒரு பெண் வந்து சோப்பு நுரையில் கையை விட்டுச் சிரித்தாள்.

அமிர்தம் எழுந்து ரிசீவரை அணைக்கப் போனாள்.

"இருக்கட்டும்" என்றார் அவர்.

மாடியிலிருந்து ராஜ்மோகன் கூப்பிட்டான். "மாமா, முடிஞ்சிதா? எறங்கட்டா?"

மழை வலுத்துவிட்டிருந்தது. திரையில் சோப்பு போய், எண்ணெய் வந்தது. எண்ணெய் போய், யாரோ ஓடினார்கள்.

"இருடா" என்றார் ராஜமாணிக்கம். "இன்னும் கொஞ்சம் புடிச்சிக்க. வுட்டுடாத."